குறைந்த எண்ணெய் எங்கே போயிற்று?

உபாத்தியாயர் தொழில் பார்ப்பவனுடைய மேசைக்கு மாணவர்கள் கொண்டுவந்து சேர்க்கும் பொருள்கள் பலவகை. தைப்பொங்கலுக்கு மறுநாள் தூக்குவாளியில் பொங்கல் வரும். தோட்டத்துத் திருவிழா முடிந்தால் பிரசாதம் வரும். பேரிக்காய் காய்க்கும் காலத்தில் அதுவும் வரும். ஆனால் 2023ஆம் ஆண்டு, தென்மேற்குப் பருவமழை பிடித்த மூன்றாம் நாளோ நான்காம் நாளோ, உயர்தர வகுப்பு மாணவன் ஒருவன் என் மேசைமேல் வைத்தது ஒரு போத்தல் தண்ணீர்.

“இதைக் கொஞ்சம் மோந்து பாருங்க சேர்” என்றான்.

மூடியைத் திறந்தேன். பெற்றோல் வாடை வீசியது. இரசாயன ஆய்வுகூடத்தில் இருபது வருஷம் பழகிய மூக்கு. அது தவறாகச் சொல்லாது.

“எங்கே எடுத்தாய்?”

“எங்க லயத்துப் பீலியில சேர். ரெண்டு வாரமா இப்படித்தான் இருக்கு. மழை பேஞ்சதும் கூடிப்போச்சு. அப்பாயி குடிக்க மாட்டேங்குது. அம்மா நல்லாக் காய்ச்சித்தான் குடுக்குறாங்க.”

பீலி என்றால் என்னவென்று மலையகத்தார்க்கு விளக்க வேண்டியதில்லை. ஏனைய பிரதேசங்களில் உள்ள வாசகர்களுக்காகச் சொல்கிறேன். மலைச்சரிவில் பாறை இடுக்கிலிருந்து கசியும் ஊற்றை ஒரு தகரத்தையோ மூங்கிலையோ வைத்துத் தாரையாக விழச் செய்தால் அது பீலி. குடிப்பதற்கும் குளிப்பதற்கும் துவைப்பதற்கும் லயத்து மக்களுக்கு அதுவே கதி. கிணறு, குழாய் என்பனவெல்லாம் எல்லாத் தோட்டங்களுக்கும் இன்னும் வந்துவிடவில்லை. அந்த மாணவனுடைய லயத்தில் இருபத்திரண்டு குடும்பங்கள். அத்தனை பேருக்கும் அந்த ஒரே பீலி.

பீலிக்கு மேலே தேயிலை. தேயிலைக்கு மேலே பிரதான வீதி. வீதியோரத்தில் ஓர் எரிபொருள் நிலையம். அன்று மாலை நானும் அவனும் போத்தலை எடுத்துக்கொண்டு அங்கே ஏறிச் சென்றோம்.

முதலாளியின் கணக்குப் புத்தகம்

அந்த நிலையத்து முதலாளி எனக்குப் பல வருஷப் பழக்கம் உள்ளவர். ஊரில் நல்ல மனிதர் என்று பெயர் எடுத்தவர். 2022ஆம் ஆண்டு எரிபொருள் தட்டுப்பாட்டின்போது, நள்ளிரவுவரை வரிசையில் நின்றவர்களுக்குத் தேநீர் கொடுத்தவர். போத்தலை முகர்ந்து பார்த்தார். முகம் மாறியது. ஆயினும் அவர் சொன்ன மறுமொழி நியாயமாகவே இருந்தது.

“மாஸ்டர், என் தாங்கி ஒழுகினா முதல் நட்டம் எனக்குத்தானே? ஒழுகவிட்டுட்டு நான் சும்மா இருப்பேனா?”

இதைச் சொல்லிவிட்டுக் கணக்குப் புத்தகத்தை எடுத்து விரித்தார். நாள்தோறும் அளவுகோலைத் தாங்கிக்குள் இறக்கி, எஞ்சியிருக்கும் எண்ணெயை அளந்து, விற்பனையோடு ஒத்துப்பார்த்து எழுதிய கணக்கு. எழுத்து மணிமணியாக இருந்தது. முன்னைய மாதங்களில் நாளொன்றுக்கு இருபது, இருபத்தைந்து லீற்றர் குறைவு எழுதப்பட்டிருந்தது. “இது குளிர் தேசம் மாஸ்டர். எண்ணெய் சுருங்கும். கம்பனிக்காரரும் ஒத்துக்கொள்ளுற விஷயம்” என்றார்.

அவர் சொன்னது பௌதிக விதிப்படி சரியானதே. பெற்றோல் வெப்பநிலையில் ஒரு பாகை குறைந்தால் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவுக்குச் சுருங்கும் இயல்புடையது. கொலன்னாவையில் 30 பாகை செல்சியஸ் வெப்பத்தில் பௌசரில் ஏற்றிய 6,600 லீற்றர், நமது மலையில் நிலத்துக்கடியில் 15 பாகைக்குக் குளிர்ந்தால், 90 லீற்றருக்கு மேல் குறைந்துவிடும். எவரும் திருடவில்லை, எங்கும் ஒழுகவில்லை, பொருள் சுருங்கிவிட்டது, அவ்வளவுதான். மூன்று நாளைக்கு ஒரு பௌசர் வந்தால் நாளொன்றுக்கு முப்பது லீற்றர்வரை குறைவு காண்பது இந்த மலைப்பிரதேசத்தில் இயற்கை.

ஆனால் புத்தகத்தின் கடைசிப் பக்கங்களைப் புரட்டினேன். இரண்டு மாதமாக அந்தக் குறைவு நாற்பத்தைந்தாகவும் ஐம்பதாகவும் ஏறியிருந்தது. குளிர் இரண்டு மடங்காகிவிடவில்லை. இயற்கையான குறைவு ஒன்று இருந்தமையால், இயற்கையல்லாத குறைவு அதன் முதுகின்மேல் ஏறி ஒளிந்துகொண்டது.

முதலாளி வெகுநேரம் அந்தப் பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். “நாள் தவறாம எழுதினேன் மாஸ்டர். கூட்டித்தான் பாக்கல” என்றார்.

சுருங்குவதையும் ஒழுகுவதையும் பிரித்தறிய ஒரு வழி உண்டு. சுருக்கம் எண்ணெய் குளிர்ந்ததும் நின்றுவிடும். ஒழுக்கு விற்பனை நின்றாலும் நிற்காது. ஆகவே அந்த ஒரு தாங்கியில் விற்பனையை நிறுத்தி அளந்து பார்க்க வேண்டும். ஓர் இரவு அடைத்து வைத்து அளப்பது போதாது. பெரிய தாங்கியில் ஏழெட்டு லீற்றர் குறைந்தால் அளவுகோலில் ஒரு மில்லிமீற்றர் வித்தியாசந்தான் காணும். அதைக் கண் பிடிக்காது. எனவே மூன்று நாள் பூட்டி வைக்க அவர் சம்மதித்தார். வியாபாரிக்கு அது சிறிய தியாகமன்று. நான்காம் நாள் காலை அளவுகோலை இறக்கியபோது மட்டம் ஒன்பது மில்லிமீற்றர் தாழ்ந்திருந்தது. விரற்கடையில் பாதியளவுதான். அந்தத் தாங்கியின் நீள அகலத்தில் அது எழுபது லீற்றருக்கு மேல்.

அன்றே உரியவர்களுக்கு அறிவித்தார். எண்ணெயை இறைத்து மண்ணைத் தோண்டியபோது, பல வருஷங்களுக்கு முன் புதைத்த பழைய இரும்புத் தாங்கியின் அடிப்பாகத்தில் துரு அரித்த துளை ஒன்று தென்பட்டது. ஒரு பென்சில் முனை நுழையும். அதற்கு மேல் நுழையாது.

மண்ணுக்குள் நடப்பது

நிலத்தில் சிந்திய பெற்றோல் வெயிலில் ஆவியாகிப் போய்விடும் என்று நாம் எண்ணிக்கொள்கிறோம். நிலத்தின் மேற்பரப்பில் சிந்தியதற்கு அது பெரும்பாலும் உண்மை. பத்தடி ஆழத்தில் ஒழுகியதற்கு வெயில் ஏது? அது கீழ்நோக்கி இறங்கும். இறங்கும் வழியில் ஒரு பங்கு மண் துகள்களில் ஒட்டிக்கொள்ளும். ஒரு பங்கு மண்ணின் இடுக்குகளில் ஆவியாய் நிற்கும். மிகுதி நிலத்தடி நீர்மட்டத்தை அடைந்து, நீரினும் இலேசானதாகையால், அதன்மேல் மிதக்கும். மழை பெய்து நீர்மட்டம் உயரும்போது அதனுடன் உயரும். வரட்சியில் தாழும்போது தானும் தாழ்ந்து, இடைப்பட்ட மண்ணையெல்லாம் பூசிவிட்டுப் போகும். மழை பிடித்ததும் பீலியில் வாடை கூடியதன் காரணம் இதுவே.

இவ்வாறு மிதக்கும் எண்ணெயிலிருந்து சில பொருள்கள் மெல்லமெல்ல நீரில் கரைகின்றன. பென்சீன், தொலுயீன், எதயில்பென்சீன், சைலீன் என்பன அவற்றுள் முக்கியமானவை. பென்சீன் மனிதருக்கு இரத்தப் புற்றுநோய் உண்டாக்கும் என்பது ஐயத்துக்கு இடமின்றி நிரூபிக்கப்பட்ட விஷயம். குடிநீரில் பென்சீன் ஒரு லீற்றருக்கு 10 மைக்கிரோகிராமுக்கு மேற்படலாகாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல். அதாவது ஓர் இலட்சம் லீற்றர் தண்ணீரில் ஒரு கிராம்.

வகுப்பறையில் செய்வதுபோல் இங்கும் ஒரு சிறிய கணக்குச் செய்து பார்ப்போம். பெற்றோலில் நூற்றுக்கு ஒரு பங்கு பென்சீன் இருப்பதாகக் கொள்வோம். ஒரு லீற்றர் பெற்றோலில் ஏறக்குறைய 9 கிராம் பென்சீன் உண்டு. அது முழுவதும் நீரில் கரையுமானால், ஏறக்குறைய 9 இலட்சம் லீற்றர் தண்ணீரை அந்த எல்லைக்குக் கொண்டுவந்துவிடும். இருபத்திரண்டு குடும்பங்கள் நாளொன்றுக்கு நாலாயிரம் லீற்றர் தண்ணீர் எடுத்தால், அது ஏழு மாதத்துத் தண்ணீர். உண்மையில் முழுவதும் கரைவதில்லை. ஆவியாவதும் உண்டு, மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள் உண்பதும் உண்டு. ஆயினும் இங்கே ஒழுகியது ஒரு லீற்றர் அன்று. நாளொன்றுக்கு இருபத்தைந்து லீற்றராக இரண்டு மாதம்.

இங்கே தாய்மார்களுக்கு இரண்டு விஷயங்களை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். முதலாவது, காய்ச்சுவது இதற்கு மருந்தன்று. காய்ச்சினால் கிருமி சாகும். பெற்றோல் சாவதில்லை, ஆவியாகிக் காற்றில் ஏறும். சன்னல் அடைத்த லயக் காம்பராவில் அந்தக் காற்றைத்தான் அடுப்படியில் இருக்கும் தாயும் தொட்டிலில் கிடக்கும் பிள்ளையும் சுவாசிக்க வேண்டும். இரண்டாவது, வாடை இல்லாவிட்டால் நல்ல தண்ணீர் என்று துணிவதும் தவறு. பென்சீனைத் தண்ணீரில் மூக்கால் அறிய வேண்டுமானால், அது பாதுகாப்பு எல்லையைப் போல் ஏறக்குறைய ஆயிரம் மடங்கு இருக்க வேண்டும். பெற்றோலிலுள்ள வேறு பொருள்கள் முன்கூட்டியே வாடை காட்டுவது நமது அதிர்ஷ்டம். அந்த வாடை நின்றபின்னும் ஆபத்து நிற்கலாம். அந்த அப்பாயி குடிக்க மறுத்தது அறியாமையன்று. அந்த லயத்தில் சரியான முடிவெடுத்தவர் அவர் ஒருவரே.

சுன்னாகம் தந்த பாடம்

எண்ணெய் நிலத்தடி நீரில் இறங்கினால் என்ன ஆகும் என்பதை நம் நாட்டில் பெருந்துன்பத்தோடு அறிந்தவர்கள் யாழ்ப்பாணத்துச் சுன்னாகம் மக்கள். அங்கே 1958ஆம் ஆண்டு முதல் அனல் மின் நிலையம் ஒன்று இயங்கி வந்தது. போர் முடிந்த 2009ஆம் ஆண்டில் தனியார் கம்பனி ஒன்றின் மின் உற்பத்தியும் அவ்விடத்தில் ஆரம்பமாயிற்று. சில ஆண்டுகளில் சுற்றுவட்டாரத்துக் கிணறுகளில் எண்ணெய்ப் படலம் மிதக்கத் தொடங்கியது. அது பெற்றோல் அன்று. மின் பிறப்பாக்கிகளின் எண்ணெயும் கழிவு எண்ணெயுமாகும். ஆயினும் மண்ணுக்குள் இறங்கிய பின் இரண்டின் கதையும் ஒன்றே.

யாழ்ப்பாணத்து நிலம் சுண்ணக்கல் நிலம். அக்கல்லில் வெடிப்புகளும் குகைகளும் உண்டு. பெய்யும் மழை அவற்றின் வழியே இறங்கித் தேங்குவதுதான் குடாநாட்டின் குடிநீர். அங்கே வற்றாத ஆறு இல்லை. மலை ஊற்று இல்லை. வடிகட்டும் மண்ணும் மெல்லியதே. ஓரிடத்தில் இறங்கிய எண்ணெய் எந்த வெடிப்பின் வழியாக எவருடைய கிணற்றுக்குப் போகும் என்று சொல்ல முடியாது. தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபையினர் 2013, 2014ஆம் ஆண்டுகளில் மின் நிலையத்தைச் சுற்றியுள்ள 150 கிணறுகளைப் பரிசோதித்தபோது, 109 கிணறுகளில் எண்ணெயும் கிரீசும் அனுமதிக்கப்பட்ட அளவுக்கு மேல் இருக்கக் கண்டனர்.

அதன்பின் எழுந்தது வழக்கமான வாதம். யாருடைய எண்ணெய்? பழைய நிலையத்தினதா, புதிய கம்பனியினதா? குடித்தால் ஆபத்தா, இல்லையா? மாகாண சபை அமைத்த நிபுணர் குழுவின் முடிவு ஒருவிதமாகவும் வேறு ஆய்வுகளின் முடிவு வேறுவிதமாகவும் இருந்தன. வாதம் நடந்துகொண்டிருக்க, மக்கள் வாளியோடு தண்ணீர் வண்டிக்குக் காத்திருந்தார்கள். 2015ஆம் ஆண்டு சனவரியில் மல்லாகம் நீதவான் நீதிமன்றத்தின் கட்டளையால் அந்தக் கம்பனியின் மின் உற்பத்தி நின்றது. அதே ஆண்டில் ரவீந்திர குணவர்த்தன காரியவசம் என்னும் சுற்றாடல் ஆர்வலர் உயர் நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை மனு ஒன்றைத் தாக்கல் செய்தார். 2019 ஏப்ரல் 4ஆம் திகதி தீர்ப்பு வந்தது. மாசுபடுத்தியவரே அதன் செலவை ஏற்க வேண்டும் என்னும் நெறியை எடுத்துக் காட்டிய நீதிமன்றம், நொதேர்ன் பவர் கம்பனி 2 கோடி ரூபா நட்டஈடு செலுத்த வேண்டும் எனக் கட்டளையிட்டது.

நம் நாட்டுச் சுற்றாடல் வழக்குகளில் இது பெரிய வெற்றி, ஐயமில்லை. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். தீர்ப்புக்கு நாலு வருஷம் சென்றது. தீர்ப்பினால் பணம் கிடைக்கலாம், நீதி கிடைக்கலாம். எந்த நீதிமன்றத்தின் கட்டளைக்கும் பணிந்து எண்ணெய் கல்லிடுக்கிலிருந்து வெளியே வந்துவிடாது.

கழுவ முடியுமா?

அப்படியானால் கெட்ட மண்ணையும் நீரையும் திருத்தவே முடியாதா என்று கேட்பீர்கள். திருத்தலாம். வழிகள் பல உண்டு. பணமும் பொறுமையும் வேண்டும்.

முதலில் ஒழுக்கை நிறுத்த வேண்டும். அதன்பின் நீரின்மேல் மிதக்கும் எண்ணெயைக் குழி தோண்டி வழித்தெடுக்க வேண்டும். எண்ணெய் ஊறிய மண்ணைத் தோண்டி அகற்றலாம். அல்லது இருந்த இடத்திலேயே குழாய்களை இறக்கி, மண்ணிடுக்கிலுள்ள ஆவியை உறிஞ்சி எடுக்கலாம். நீருக்குள் காற்றைச் செலுத்திக் கரைந்த பொருள்களைக் குமிழிகளோடு மேலேற்றலாம். நீரை இறைத்துக் கரிப் படுக்கையின் ஊடாக வடித்தெடுக்கலாம். இதற்கு உதவும் கரிகளுள் மிகச் சிறந்த ஒன்று நம் தேங்காய்ச் சிரட்டையிலிருந்து செய்யப்படுவது. இலங்கையிலிருந்து அது பல நாடுகளுக்கு ஏற்றுமதியாகிறது.

எல்லாவற்றிலும் வியப்பானது மண்ணுக்குள்ளேயே இருக்கும் உதவி. பெற்றோலை உணவாகக் கொள்ளும் நுண்ணுயிர்கள் ஏறத்தாழ எல்லா மண்ணிலும் வாழ்கின்றன. அமெரிக்காவில் நிலத்தடித் தாங்கிகள் பற்றி 1984ஆம் ஆண்டில் சட்டம் இயற்றித் தேடத் தொடங்கியதிலிருந்து 5 இலட்சத்துக்கும் மேற்பட்ட ஒழுக்குகள் பதிவாகியுள்ளன. அவற்றுள் கலிபோர்னியாவில் இருந்தவற்றை 1995ஆம் ஆண்டில் ஆராய்ந்த லோரன்ஸ் லிவர்மோர் ஆய்வுகூடத்தார், பெரும்பாலான இடங்களில் பென்சீன் கலந்த நீர் 250 அடி தூரத்துக்கு அப்பால் செல்லவில்லை என்று கண்டனர். அதற்குள் நுண்ணுயிர்கள் அதை உண்டு தீர்த்துவிடுகின்றன.

கேட்க ஆறுதலாக இருக்கிறது. ஆனால் இந்த ஆறுதலை நமது மலைக்கு அப்படியே கொண்டுவர முடியாது. நுண்ணுயிர்களுக்குப் பிராணவாயு வேண்டும். ஒரு கிராம் பெற்றோலை உண்டு முடிக்க ஏறக்குறைய 3 கிராம் பிராணவாயு தேவை. அவ்வளவு பிராணவாயு 300 லீற்றர் நல்ல தண்ணீரில்தான் கரைந்திருக்கும். ஆகையால் அவை மெதுவாகவே உண்ணும். நமது சரிவிலோ நீருக்கு நேரமில்லை. வட்டவளைப் பக்கத்தில் ஆண்டுக்கு 5,000 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெய்கிறது. அந்த மழை சரிவில் இறங்கிப் பாறை வெடிப்பில் புகுந்து, நூறு இருநூறு அடிக்குள் பீலியாய் வெளிவந்துவிடுகிறது. 250 அடி என்பது சமவெளியில் ஒரு வளவின் நீளம். இங்கே அதற்குள் ஒரு லயமே இருக்கிறது.

பொருளின் இயல்பும் எப்போதும் ஒன்றாக இருப்பதில்லை. பெற்றோல் நன்றாக எரிவதற்கென்று ஒருகாலத்தில் சேர்க்கப்பட்ட ஒரு பொருள் நீரில் எளிதில் கரைவது; நுண்ணுயிர்கள் இலகுவில் தொடாதது. கலிபோர்னியாவிலுள்ள சாந்தா மொனிக்கா நகரம், தன் குடிநீரில் ஏறக்குறைய பாதியைத் தந்த கிணறுகளை 1996ஆம் ஆண்டில் அந்தப் பொருளின் பொருட்டு மூட நேர்ந்தது. செல்வத்தில் குறைவில்லாத நகரம். கம்பனிகளிடம் பெரும்பணம் பெற்றுக் கரிப் படுக்கைகளை அமைத்தது. அப்படியிருந்தும் அந்த நீர் மீண்டும் வீடுகளுக்கு வர ஏறக்குறைய 15 ஆண்டுகள் சென்றன. அவர்களுக்கே பதினைந்து ஆண்டு என்றால், ஒரு லயத்துப் பீலிக்கு எத்தனை ஆண்டு?

மேட்டில் இருப்பவர் கடமை

நமது மலைகள் நாட்டின் நீர்த்தாய் என்று மேடைகளில் பேசுகிறோம். கெசல்கமு ஓயாவும் மஸ்கெலி ஓயாவும் கூடிக் களனி கங்கையாகின்றன; நானு ஓயாவின் நீர் கொத்மலை ஓயா வழியாக மகாவலியை அடைகிறது. ஆகையால் இங்கே சிந்தும் எண்ணெய் கொழும்பு வரையில் போகும் என்று சொல்லிப் பயமுறுத்த எனக்கும் ஆசைதான். அப்படிச் சொன்னால் கொழும்பில் உள்ளவர்கள் காது கொடுப்பார்கள். ஆனால் அது உண்மையாகாது. ஒரு நிலையத்துத் தாங்கியிலிருந்து ஒழுகும் பெற்றோல், அருவியில் விழுந்து சிதறி, காற்றில் ஏறி, பெருநீரில் கலந்து, கொழும்புக்குப் போகுமுன் இல்லாமற் போய்விடும். அதன் துன்பம் அடுத்த சரிவிலுள்ள லயத்தோடு நின்றுவிடும். தூரத்தில் உள்ளவரைத் தொடாத துன்பமாகையால்தான் அதைப்பற்றித் தூரத்தில் உள்ளவர் பேசுவதில்லை. அந்த லயத்தாருக்கோ நிலமும் சொந்தமில்லை, பீலியும் சொந்தமில்லை. மாலையில் கொழுந்து நிறுத்துவிட்டு வந்த பெண் இரண்டு குடங்களோடு அரைமைல் நடக்கிறாள் என்பது எந்தக் கணக்குப் புத்தகத்திலும் பதியப்படுவதில்லை.

ஆகவே, மேட்டில் இருந்து எண்ணெய் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். எரிபொருள் நிலையங்கள் மாத்திரமன்று, டீசல் தாங்கி வைத்திருக்கும் தொழிற்சாலைகளும், எஞ்சின் எண்ணெய் மாற்றும் கராஜ்களும் இதில் அடங்கும். நாள்தோறும் அளவுகளை எழுதுங்கள். வாரந்தோறும் கூட்டிப் பாருங்கள். சென்ற வாரத்தைவிட இந்த வாரம் குறைவு கூடியிருந்தால், ‘சுருங்கிவிட்டது’ என்று சமாதானம் சொல்லுமுன், ‘எங்கே போயிற்று?’ என்று கேளுங்கள். தாங்கியின் அடியில் தண்ணீர் சேர்கிறதா என்றும் பாருங்கள். எண்ணெய் வெளியே போகும் துளை, மழைக்காலத்தில் தண்ணீர் உள்ளே வரும் வழியாகவும் ஆகும். கழிவு எண்ணெயைக் கானில் ஊற்றாமல் பீப்பாயில் சேர்த்து, வாங்குவோரிடம் கொடுங்கள். எரிபொருள் நிலையத்துக்குச் சுற்றாடல் பாதுகாப்பு அனுமதிப்பத்திரம் வேண்டும் என்பது சட்டம். அந்தக் கடதாசியைச் சுவரில் மாட்டியிருப்பது தாங்கி ஒழுகாமல் இருப்பதற்குச் சாட்சியாகாது.

பீலியில் தண்ணீர் பிடிப்பவர்களுக்கும் ஒரு சொல். வாடை வந்தால், கண்ணாடி போன்ற படலம் மிதந்தால், அன்றே அந்த நீரை நிறுத்துங்கள். பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடமும் மத்திய சுற்றாடல் அதிகாரசபையின் மாவட்ட அலுவலகத்திலும் எழுத்தில் முறையிட்டு, முறையீட்டின் பிரதி ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். நாற்றம் பிடித்த தண்ணீரை ஒரு போத்தலில் அடைத்துப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுவர ஒரு பையனுக்குத் தோன்றியிராவிட்டால், அந்தத் துளை இன்னும் எத்தனை மாதம் இருந்திருக்குமோ!

அந்தப் பீலியின் கதையை முடிக்க வேண்டும். முதலாளி தட்டிக் கழிக்கவில்லை. அதிகாரிகளின் ஆலோசனைப்படி எண்ணெய் ஊறிய மண்ணைத் தோண்டி, தனியிடத்தில் தார்ப்பாயின்மேல் பரப்பி, மழை படாமல் கூரை போட்டு, சாணமும் உக்கிய குப்பையும் கலந்து, வாரத்துக்கு ஒருமுறை புரட்டச் செய்தார். அருகில் எவரும் பீடி பற்றவைக்காதபடி இரவும் பகலும் காவல் வைத்தார். பத்து மாதத்தில் மண்ணின் வாடை போயிற்று. லயத்துக்கு வேறோர் ஊற்றிலிருந்து குழாய் இழுத்தும் கொடுத்தார். அவர் அப்போது என்னிடம் சொன்ன கணக்கு இது: ஒழுகிய எண்ணெயின் விலையைப் போலப் பல மடங்கு பணம் இதுவரை செலவாகிவிட்டது; வாரத்தில் ஒருநாள் கூட்டிப் பார்த்திருந்தால் ஒரு சதமும் செலவில்லை.

பீலி மாத்திரம் திறக்கப்படவில்லை. வாடை நின்று ஒரு வருஷத்துக்குப் பிறகு ஆய்வுகூடத்துக்கு அனுப்பிய மாதிரியிலும் பென்சீன் எல்லைக்கு மேலேயே இருந்தது. 2025ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் எடுத்த மாதிரியில் குறைந்திருந்தது. ஆயினும் மழைக்கு முன்னும் மழைக்குப் பின்னும் எடுக்கும் மாதிரிகள் தொடர்ந்து நன்றாக இருந்தால்தான் திறக்கலாம் என்று அதிகாரிகள் சொல்கிறார்கள். அது சரியான பேச்சு.

அந்த மாணவன் இப்பொழுது பல்கலைக்கழகத்தில் இருக்கிறான். அவனுடைய அப்பாயி சில சமயம் கடைவீதியில் எதிர்ப்படுவார். என்னைக் கண்டால் அவர் கேட்பது ஒரே கேள்வி.

“எப்ப மாஸ்டர் எங்க பீலியத் திறப்பாங்க?”

குழாய்த் தண்ணீர் வருகிறதே அம்மா என்பேன். வருது, ஆனா அந்தத் தண்ணி போல இல்ல என்பார். அவர் கலியாணமாகி அந்த லயத்துக்கு வந்த நாள் முதல் குடித்த தண்ணீர் அது. அவருக்குச் சொல்வதற்கு ஒரு திகதி என்னிடம் இல்லை.